மூன்று பவுண்டு சம்பளக்காரர்கள்

1939 செப்டம்பரில் லண்டன் தெருவோரம் நின்று டாக்ஸிக்குக் கைகாட்டியவர்கள் பலர் ஏமாந்திருப்பார்கள். வருவது டாக்ஸிதான். ஆனால் உடம்பெல்லாம் சாம்பல் நிறப் பெயின்ட், கூரையில் ஏணி, ஓட்டுநருக்குப் பக்கத்தில் பெட்டி வைக்கிற இடத்தில் ஹோஸ் சுருள்கள், வண்டிக்குப் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துவரும் இரண்டு சக்கரப் பம்ப். உள்ளே பயணிகள் இருக்கையில் முழங்காலோடு முழங்கால் இடித்துக்கொண்டு நாலைந்து பேர். குண்டு விழுந்து நகரம் பற்றிக்கொண்டால் இருக்கிற சிவப்பு வண்டிகள் எந்த மூலைக்கு என்று கணக்குப் போட்ட அரசாங்கம், 2,000க்கும் அதிகமான டாக்ஸிகளை வாடகைக்கு எடுத்துத் தீயணைப்பு வேலைக்கு இறக்கியிருந்தது.

ஆட்கள் கணக்கும் அதே கதைதான். போர் தொடங்கியபோது லண்டன் தீயணைப்புப் படையில் முறையான வீரர்கள் சுமார் 2,500 பேர். அது போதாது என்று 1938லேயே துணைத் தீயணைப்புப் படை என்று ஒன்றைத் தொடங்கி ஆள் சேர்த்தார்கள். பழைய படையைப்போலப் பத்து மடங்கு ஆட்கள் அதில் சேர்ந்தார்கள். கடைச் சிப்பந்தி, வக்கீல், டாக்ஸி ஓட்டுநர், ஓவியர், கட்டடத் தொழிலாளி என்று எல்லாத் தரப்பும் உண்டு. ஸ்டீபன் ஸ்பெண்டர், ஹென்றி கிரீன் போன்ற எழுத்தாளர்களும் இருந்தார்கள். பயிற்சி 60 மணி நேரம். அதன் பிறகு நீங்கள் தீயணைப்பு வீரர். முழுநேர வேலைக்கு ஆண்களுக்கு வாரம் 3 பவுண்டு, பெண்களுக்கு 2 பவுண்டு.

பிள்ளைகளைக் கிராமங்களுக்கு அனுப்பிவிட்டதால் பள்ளிக்கூடங்கள் காலியாகக் கிடந்தன. அவைதான் துணை நிலையங்கள். மோட்டார் ஷெட், பழைய பட்டறை, எது கிடைத்ததோ அதிலும் நிலையம் வைத்தார்கள். 48 மணி நேரம் வேலை, 24 மணி நேரம் ஓய்வு. வேலை என்றால் என்ன? மணல் மூட்டை அடுக்குவது, ஹோஸை விரித்துச் சுருட்டுவது, பித்தளையைத் துலக்குவது, ஏணிப் பயிற்சி, பிறகு சீட்டாட்டம். குண்டு விழவில்லை. 1939 போனது, 1940இன் பாதியும் போனது. ஒன்றும் நடக்கவில்லை.

ஊர்வாய் சும்மா இருக்குமா? தண்டச் சம்பளம் வாங்குகிறவர்கள் என்று பெயர் வைத்தாயிற்று. பட்டாளத்துக்குப் போகப் பயந்து இங்கே ஒளிந்திருக்கிறார்கள் என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். அதற்குள் ஒரு கணக்கும் இருந்தது. சாதாரணச் சிப்பாய்க்கு அப்போது நாளொன்றுக்கு 2 ஷில்லிங், அதாவது வாரம் 14 ஷில்லிங். 3 பவுண்டு என்றால் 60 ஷில்லிங். சிப்பாய்க்குச் சாப்பாடும் இருப்பிடமும் இலவசம், தீயணைப்பவர் தன் குடும்பத்தை அந்த மூன்று பவுண்டில்தான் ஓட்டவேண்டும் என்பதை யாரும் கூட்டிக் கழித்துப் பார்க்கவில்லை. பேச்சுத் தாங்காமல் பலர் ராஜினாமா செய்துவிட்டு உண்மையாகவே பட்டாளத்துக்குப் போனார்கள்.

இந்த ஏச்சை நான் விரித்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தீயணைப்புத் தொழிலில் உடை மாறியிருக்கிறது, வண்டி மாறியிருக்கிறது, புகைக்குள் போகும் முறை மாறியிருக்கிறது. தீ இல்லாத நாளில் இவர்களுக்கு என்ன வேலை என்று கேட்கும் ஊரின் புத்தி மட்டும் 85 வருஷத்தில் மாறியதாகத் தெரியவில்லை. அதைப் பிறகு பார்ப்போம்.

1940 செப்டம்பர் 7, சனிக்கிழமை பிற்பகல். சுமார் 350 ஜெர்மன் குண்டுவீச்சு விமானங்கள் தேம்ஸ் நதியை வழிகாட்டியாக வைத்துக்கொண்டு கிழக்கு லண்டன் துறைமுகத்துக்கு மேல் வந்தன. சாதாரண நாளில் 30 பம்புகள் தேவைப்படும் தீ என்றால் பத்திரிகையில் படத்தோடு வரும். அன்றிரவு 100 பம்புக்கு மேல் கேட்ட தீக்களே ஒன்பது. தண்ணீர் பீய்ச்சப் போனவர்களில் பெரும்பாலானோர் அதுவரை ஒரு நிஜத் தீயைக் கண்ணால் பார்த்ததில்லை.

துறைமுகத் தீ என்பது ஒரே தீ அல்ல. எந்தக் கிடங்கில் என்ன சரக்கு இருக்கிறதோ அதற்கேற்ற குணம் அந்தத் தீக்கு. மிளகுக் கிடங்கு எரிந்தபோது காற்றெல்லாம் காரம். மூச்சை இழுத்தால் நெருப்பையே இழுப்பதுபோல் நெஞ்சு எரிந்தது. ரம் பீப்பாய்கள் வெடித்தன, எரிகிற சாராயம் கிடங்கு வாசல் வழியாக ஆறாக வெளியே வந்தது. சர்க்கரை உருகி நீர்மேல் படர்ந்து, அலையோடு சேர்ந்து எரிந்தது. ரப்பர் புகை கறுப்பாக அடர்ந்து ஆட்களைத் துரத்தியது. பெயின்ட் கிடங்குக்கு அருகில் நின்ற பம்புகள்மேல் வார்னிஷ் பூச்சு ஏறிவிட்டது; பல நாள் சுரண்டினாலும் போகவில்லை. தேயிலைப் புகை தித்திப்பாக இருந்து குமட்டியது. உலகமெங்குமிருந்து சரக்கை வாங்கி அடுக்கி வைத்திருந்த ஒரு சாம்ராஜ்யத்தின் தலைநகரம் எரிந்தால் இப்படித்தான் எரியும்.

எல்லாவற்றையும்விடப் பெரியது சர்ரே டாக்ஸ் என்ற துறைமுகப் பகுதியில். வடக்கு நாடுகளிலிருந்து வந்த பைன் பலகை சுமார் 250 ஏக்கருக்கு அடுக்கியிருந்தது. நனைத்த அடுக்கு, பக்கத்து அடுக்கின் வெக்கையில் ஆவியாகிக் காய்ந்து மறுபடி பற்றியது. எரிகிற கட்டைத் துண்டுகள் காற்றில் பறந்து பல தெரு தாண்டி விழுந்து புதிய தீயை மூட்டின. அக்கரையை ஒட்டிப் போன தீயணைப்புப் படகுகளின் பெயின்ட் வெப்பத்தில் கொப்புளித்தது.

இருட்டியதும் விளக்கே தேவைப்படவில்லை. நகரமெங்கும் ஜன்னலுக்குக் கறுப்புத் திரை போட்டு ஒரு வெளிச்சக் கீற்றுகூட வெளியே கசியாமல் காத்தவர்களுக்கு, துறைமுகத்தின் வெளிச்சத்தை மறைக்க வழி இல்லை. அடுத்த அலை விமானங்கள் அந்த வெளிச்சத்தைப் பார்த்தே வந்தன. மற்றவர்கள் பதுங்கு குழிக்குள் இருக்க, விமானங்களுக்கு நேர் கீழே நின்றவர்கள் தீயணைப்பவர்கள். குண்டு விழும் ஓசை கேட்டால் தரையில் படுத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். பிராஞ்சை, அதாவது குழாய் முனையை, பிடித்திருப்பவன் படுக்க முடியாது. முழு அழுத்தத்தில் தண்ணீர் பாயும் குழாயின் பித்தளை முனையைக் கைவிட்டால் அது அடிபட்ட பாம்புபோல் துள்ளிச் சுழன்று பக்கத்தில் நிற்பவன் மண்டையை உடைத்துவிடும். ஆகவே இரண்டு மூன்று பேர் அணைத்துப் பிடித்தபடி நின்ற இடத்திலேயே நின்றார்கள்.

அன்றிரவு மட்டும் சுமார் 430 பேர் செத்தார்கள். அதிலிருந்து தொடர்ந்து 57 இரவுகள் லண்டன்மேல் குண்டு விழுந்தது. முந்தைய மாதம் வரை இளித்தவர்கள் தெருவில் தீயணைப்பு வண்டியைக் கண்டால் கைதட்டினார்கள்.

அவர்கள் உடுத்தியிருந்ததைப் பார்க்கவேண்டும். முரட்டுக் கம்பளிக் கோட்டு, ரப்பர் பூட்ஸ், சிப்பாய்கள் அணியும் அதே இரும்புத் தொப்பி. கம்பளி நனைந்தால் பாரம் இரட்டிப்பாகும். நெருப்பின் பக்கம் மார்பு வெந்து ஆவி பறக்கும், முதுகுப் பக்கம் டிசம்பர் குளிர். விடிந்து நிலையத்துக்குத் திரும்பினால் மாற்று உடுப்பு கிடையாது. ஈரத்தை அடுப்பருகே தொங்கவிட்டு, அது காய்வதற்குள் மறுநாள் சைரன் ஊதிவிடும். ஈரக் கோட்டையே மாட்டிக்கொண்டு கிளம்பவேண்டும். பதினைந்து மணி நேரம் குழாயைப் பிடித்து நின்றவனுக்கு இடையில் கிடைத்தது, கேன்டீன் வண்டி தெருமுனை வரை வர முடிந்தால் ஒரு கோப்பை தேநீரும் ரொட்டியும். வண்டி வராத இரவுகளே அதிகம்.

இன்றைய லண்டன் வீரரின் உடை பல அடுக்கு. நெருப்பில் எளிதில் பற்றாத இழை, உள்ளே ஈரத்தைத் தடுக்கும் சவ்வு, முகத்துக்குக் கண்ணாடித் திரை வைத்த தலைக்கவசம். முதுகில் காற்று அடைத்த சிலிண்டர். உள்ளே போகுமுன் வாசலில் நிற்கும் அலுவலரிடம் தன் பெயர் வில்லையைக் கொடுத்துவிட்டுப் போகவேண்டும். பலகையில் செருகிய வில்லையைப் பார்த்து யார் எத்தனை நிமிடமாக உள்ளே இருக்கிறார், சிலிண்டரில் இன்னும் எவ்வளவு காற்று என்று வெளியில் ஒருவர் கணக்கு வைத்துக்கொண்டே இருப்பார். 1940இல் சுவாசக் கருவி ஒருசிலரிடமே இருந்தது. மற்றவர்கள் புகையைத் தின்றார்கள். இருமிக்கொண்டே உள்ளே போய் இருமிக்கொண்டே வெளியே வருவது தொழில் திறமையின் அடையாளம். கரிபிடித்த முகம் போர்க்காலச் சுவரொட்டிகளில் வீரத்துக்குச் சின்னம்.

அந்தக் கரிதான் இப்போது எதிரி. தீயணைப்பு வேலை மனிதருக்குப் புற்றுநோய் தரும் தொழில் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2022இல் முதல் பட்டியலில் சேர்த்தது. புகையிலையும் ஆஸ்பெஸ்டாஸும் இருக்கிற பட்டியல் அது. பிளாஸ்டிக்கும் நுரை மெத்தையும் எரிந்த புகையின் நச்சு கோட்டில் ஒட்டி, கழுத்துத் தோல் வழியே உள்ளே போகிறது. அழுக்குக் கோட்டை வண்டிக்குள் ஏற்றாதே, நிலையத்தின் சமையலறைப் பக்கம் கொண்டுவராதே, தீயிலிருந்து திரும்பினதும் முதலில் குளி என்று இன்று இளம் வீரர்களுக்குப் பாடம் நடக்கிறது. தலைக்கவசம் கறுத்திருந்தால் அனுபவசாலி என்று பெருமைப்பட்ட மூத்தவர்களுக்கு இது பழக நாளாகிறது. 1940இல் புகை தின்றவர்கள் பின்னாளில் எந்த நோயில் எத்தனை பேர் போனார்கள் என்று நினைவுச் சின்னத்தில் பொறிக்க முடியாது. அவர்கள் ஓய்வுபெற்று, வீட்டுக் கட்டிலில் இறந்தவர்கள்.

தண்ணீர் விஷயத்துக்கு வருவோம். லண்டனின் நடுவே பெரிய நதி ஓடுகிறது, தெருவுக்குத் தெரு தரையடிக் குழாய் இருக்கிறது. ஆனாலும் 1940 டிசம்பர் 29 இரவு தண்ணீர் இல்லை. அது ஞாயிற்றுக்கிழமை, பழைய நகரப் பகுதியின் அலுவலகங்களும் தேவாலயங்களும் பூட்டிக் கிடந்தன. கூரையில் விழுந்த சிறு எரிகுண்டை ஒரு மண்வெட்டி மணலால் அணைத்திருக்கலாம், அணைக்க உள்ளே ஆள் இல்லை. பூட்டை உடைத்து மேலே ஏறுவதற்குள் கூரை போய்விட்டது. குண்டுகள் பெரிய தண்ணீர்க் குழாய்களை உடைத்திருந்தன. நதிக்கு ஓடினால், அன்று பார்த்துத் தேம்ஸில் நீர்மட்டம் அடிமட்டத்துக்கு வற்றியிருந்தது. சேற்றில் இடுப்பளவு இறங்கி உறிஞ்சுகுழாயை நீர்வரை இழுத்தார்கள். பேட்டர்நாஸ்டர் ரோ என்ற புத்தகத் தெருவில் பதிப்பாளர்களின் கிடங்குகளோடு லட்சக்கணக்கான புத்தகங்கள் சாம்பலாயின. செயின்ட் பால் தேவாலயத்தின் கும்மட்டம் தப்பியது. அதற்குக் காரணம் கூரைமேல் இரவெல்லாம் வாளியும் கைப்பம்புமாக உட்கார்ந்திருந்த காவல்குழு. அடுத்த மாதமே கட்டடங்களுக்குத் தீக்காவல் ஆள் போடவேண்டும் என்று சட்டம் வந்தது.

தண்ணீருக்கும் வழி செய்தார்கள். குண்டு விழுந்து தரைமட்டமான கட்டடங்களின் நிலவறைகளைச் சிமென்ட் பூசித் தொட்டிகளாக்கினார்கள். தெருமுனைகளில் இரும்புத் தொட்டிகள் வைத்தார்கள். நதியிலிருந்து நடைபாதை ஓரமாகவே இரும்புக் குழாய்களை ஓடவிட்டார்கள்.

இதைவிடக் கேலிக்கூத்தான சிக்கல் கப்ளிங். பிரிட்டனில் ஒவ்வொரு ஊருக்கும் தனித்தனித் தீயணைப்புப் படை; 1,400க்கும் மேல். ஒரு ஊர்க்காரர்களின் ஹோஸ் இணைப்பு அடுத்த ஊர்க்காரர்களின் ஹைட்ரன்டில் பொருந்தாது. குண்டு விழுந்த ஊருக்கு உதவி என்று வெளியூர் வண்டிகள் இரவோடு இரவாக ஓடிவந்தும், குழாயை மாட்ட முடியாமல் கைகட்டி நின்ற சம்பவங்கள் உண்டு. பதவிப் பெயர்கள்கூட ஊருக்கு ஊர் வேறு. யார் யாருக்கு உத்தரவு போடுவது என்பதிலேயே குழப்பம். 1941 ஆகஸ்டில் உள்துறை அமைச்சர் ஹெர்பர்ட் மாரிசன் எல்லாவற்றையும் ஒன்றாக்கித் தேசியத் தீயணைப்புச் சேவையை உருவாக்கினார். உள்ளாட்சிகளின் முணுமுணுப்பு பலமாக இருந்தது. போர் முடிந்ததும் திருப்பித் தருவோம் என்று வாக்குக் கொடுத்து, 1948இல் திருப்பியும் தந்தார்கள். கப்ளிங் மட்டும் மறுபடி ஊருக்கு ஒன்றாகவில்லை. அது பெரிய லாபம்.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். 1938க்கு முன் லண்டன் தீயணைப்புப் படையில் பெண்களே கிடையாது. துணைப்படை வந்ததும் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். குழாய் பிடிக்க விடவில்லை. தொலைபேசி, வரைபடம், வண்டி ஓட்டுவது, மோட்டார் சைக்கிளில் தகவல் கொண்டு போவது, சமையல் இவை அவர்களுக்கு. கேட்க இலகுவான வேலைபோலத் தோன்றும். கில்லியன் டானர் என்ற பெண்ணின் வேலை பம்புகளுக்குப் பெட்ரோல் கொண்டுபோய்க் கொடுப்பது. 1940 செப்டம்பர் 20 இரவு, பெர்மண்ட்ஸி பகுதியில் குண்டு விழுந்துகொண்டிருக்க, 150 காலன் பெட்ரோலைக் கேன்களில் அடுக்கிய லாரியை ஆறு பெரிய தீக்களுக்கு ஓட்டிக்கொண்டு போனார். ஜார்ஜ் பதக்கம் கொடுத்தார்கள். தீயை நோக்கிப் பெட்ரோலோடு போகிறவரைவிடக் குழாய் பிடிப்பவர் எந்த விதத்தில் மேல் என்று அன்றைக்கு யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. தொலைபேசிக் கம்பி அறுந்தால் பதினாறு பதினேழு வயதுப் பையன்கள் சைக்கிளில் தகவல் கொண்டு ஓடினார்கள்.

குழாய் பிடிக்கும் வேலை ஒரு பெண்ணுக்கு லண்டன் படையில் கிடைக்க 1982 ஆகிவிட்டது. சூ பேட்டன் முதல் பெண் வீரர். 2017 ஜனவரியில் டேனி காட்டன் முதல் பெண் தலைவரானார். ஆறே மாதத்தில் கிரென்ஃபெல் டவர். 24 மாடிக் கட்டடம் ஒரே இரவில் எரிந்து 72 பேர் இறந்த அந்த ஜூன் 14 அன்று, தொலைபேசி எடுத்தவர்கள் மாடியில் சிக்கியவர்களோடு நெடுநேரம் பேசிக்கொண்டே இருந்தார்கள். சில அழைப்புகள் மறுமுனையில் குரல் அடங்கும்வரை. வீட்டுக்குள்ளேயே இருங்கள் என்ற அறிவுரையை மாற்றத் தாமதமானது பற்றி விசாரணை ஆணையம் கடுமையாகவே எழுதியது. அந்தக் குறை தலைமையின் குறை. காதில் கருவியை வைத்து உட்கார்ந்திருந்தவர்களின் வேலையை, 1940இல் கூரை அதிர அதிர ஸ்விட்ச்போர்டை விடாமல் இருந்த பெண்களின் வேலையோடுதான் சேர்த்துப் பார்க்கத் தோன்றுகிறது. வெளியே தெரியாத வேலை இரண்டும்.

சாவும் ஒரே மாதிரி வரவில்லை. 1941 ஏப்ரல் 20 அதிகாலையில் போப்லர் பகுதியின் ஓல்டு பேலஸ் பள்ளி நிலையத்தில் குண்டு நேராக விழுந்தது. உத்தரவுக்காகக் காத்திருந்த 34 பேர் இறந்தார்கள். இருவர் பெண்கள். 21 பேர் பெக்கன்ஹாம் ஊரிலிருந்து உதவிக்கு வந்தவர்கள். பிரிட்டிஷ் தீயணைப்பு வரலாற்றில் ஒரே இடத்தில் நேர்ந்த மிகப் பெரிய இழப்பு அது. தீக்கு முன்னால் நின்று சாகவில்லை, காத்திருக்கும்போது செத்தார்கள். போர் முடிவதற்குள் லண்டனில் மட்டும் 327 தீயணைப்பவர்கள் போனார்கள். செயின்ட் பால் தேவாலயத்துக்கு அருகே 1991இல் திறந்த வெண்கலச் சிலையின் பீடத்தில், நாடு முழுவதும் எதிரித் தாக்குதலில் இறந்த 997 பேரின் பெயர்கள் இருக்கின்றன.

நம் பக்கத்துக் கணக்கும் இதே போரில்தான் வருகிறது. 1944 ஏப்ரல் 14, பம்பாய் விக்டோரியா டாக். பருத்திப் பொதியையும் 1,400 டன் அளவு வெடிமருந்தையும் ஒரே கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்த ஃபோர்ட் ஸ்டிகின் பிற்பகலில் புகைந்தது. பம்பாய்த் தீயணைப்புப் படை தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருக்கும்போதே 4 மணி தாண்டி வெடித்தது. 66 வீரர்கள் போனார்கள். நம்மூர்த் தீயணைப்பு நிலையங்களில் ஒவ்வொரு சித்திரை ஒன்றாம் தேதியை ஒட்டியும் ஒரு வாரம் நடக்கும் தீத்தொண்டு நிகழ்ச்சிகள் அவர்கள் நினைவுக்காகத்தான். புத்தாண்டு விடுமுறைச் சந்தடியில் அது நம் கண்ணில் படுவதில்லை.

1941 மே மாதத்துக்குப் பிறகு லண்டன்மேல் பெரிய தாக்குதல் ஓய்ந்தது. மறுபடி காத்திருப்பு. இந்த முறை ஊர் ஏசவில்லை என்றாலும் கை சும்மா இருக்கவில்லை. நிலையத்துக்குப் பின்னால் பன்றி வளர்த்தார்கள், குண்டு விழுந்த காலி மனைகளில் காய்கறி போட்டார்கள், கிறிஸ்துமஸுக்கு மரத்துண்டில் பொம்மை செய்து பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள், தொழிற்சாலைகளுக்குச் சின்னச் சின்ன உதிரிபாகம் பூட்டித் தந்தார்கள். ஹம்ஃப்ரி ஜென்னிங்ஸ் 1943இல் வெளியிட்ட 'ஃபயர்ஸ் வேர் ஸ்டார்டட்' படத்தில் நடித்தவர்கள் நிஜத் தீயணைப்பவர்களே. துறைமுக இடிபாட்டில் செயற்கையாகத் தீ மூட்டி, தாங்கள் ஏற்கெனவே செய்ததை மறுபடி செய்துகாட்டினார்கள்.

1941இல் தேசியச் சேவையோடு கலந்துவிட்ட துணைப்படையை, அணுகுண்டுப் பயத்தில் 1949இல் மறுபடி தொடங்கினார்கள். அதற்கென்று கட்டிய பச்சை நிற பெட்ஃபோர்டு வண்டிகளுக்கு 'பச்சைத் தேவதை' என்று செல்லப் பெயர். 1968இல் செலவு மிச்சம் என்று துணைப்படையைக் கலைத்துவிட்டார்கள். வண்டிகள் மட்டும் கொட்டகையில் தூங்கின. தீயணைப்பவர்கள் சம்பளத்துக்காக 1977இலும் 2002இலும் வேலைநிறுத்தம் செய்தபோது ராணுவம் அவற்றை எழுப்பி ஓட்டியது. பிறகு அவையும் விற்பனைக்குப் போயின. இன்று பெரிய ஆபத்து வந்தால் அழைக்க அப்படி ஒரு இரண்டாம் வரிசை கிடையாது.

இன்றைய லண்டன் வீரருக்கு இரண்டு பகல், இரண்டு இரவு வேலை, நான்கு நாள் ஓய்வு. பகல் ஷிப்ட் பத்தரை மணி நேரம், இரவு பதின்மூன்றரை. முதல் வண்டி சராசரியாக ஆறு நிமிடத்துக்குள் போய்ச் சேரவேண்டும் என்பது இலக்கு. போனால் பெரும்பாலும் தீ இருக்காது. கருகிய ரொட்டிக்கு அலறிய அலாரம், லிப்டில் மாட்டியவர், கார் மோதல், வெள்ளம். மிச்ச நேரத்தில் வீடு வீடாகப் போய் முதியவர்கள் தனியாக இருக்கும் வீட்டில் இலவசமாகப் புகை அலாரம் மாட்டுவது. இந்த வேலை பலன் தந்து தீவிபத்துகள் நன்றாகக் குறைந்தன. குறைந்ததற்குக் கிடைத்த பரிசு: 2014 ஜனவரியில் ஒரே நாளில் 10 நிலையங்களை மூடி 14 வண்டிகளை எடுத்துவிட்டார்கள். மூடியவற்றில் 1872இலிருந்து இயங்கிய கிளர்கன்வெல் உண்டு. 1940இல் நெருப்பு நடுவே நின்ற சில்வர்டவுனும் போவும் உண்டு. தீதான் இல்லையே, எதற்கு நிலையம் என்ற வாதத்துக்கு நகராட்சிக் கணக்கேட்டில் நல்ல ஆங்கிலப் பெயர் கொடுத்திருப்பார்கள். 1939இல் தெருவில் சொன்னது இதைவிட நேர்மையானது என்பது என் எண்ணம்.

2022 ஜூலை 19 அன்று லண்டனில் வெயில் 40 டிகிரியைத் தொட்டது. காய்ந்த புல் பற்றி, கிழக்கு ஓரத்திலுள்ள வெனிங்டன் கிராமத்தில் வரிசை வீடுகள் எரிந்தன. நாளொன்றுக்குச் சுமார் 350 அழைப்பு வருமிடத்தில் 2,600ஐத் தாண்டியது. 16 வீரர்கள் காயமடைந்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் படைக்கு இதுபோல் ஒரு நாள் வந்ததில்லை என்று மேயர் சாதிக் கான் சொன்னார். பல அடுக்குக் கோட்டு நெருப்பைத் தடுக்கும். உள்ளே இருக்கும் உடம்பின் சூட்டை வெளியே விடாது. 1940இன் ஈரக் கம்பளி இந்த ஒரு விஷயத்தில் பரவாயில்லை.

போர்க்கால நகரத் தீயணைப்பு இன்று நடக்கும் இடம் உக்ரைனின் கார்கிவ். ரஷ்ய எல்லையிலிருந்து 40 கிலோமீட்டருக்கும் குறைவு. ஏவுகணை ஒரு நிமிடத்துக்குள் வந்துவிடும், சைரன் சில சமயம் குண்டுக்குப் பிறகு ஊதும். லண்டனில் தீயின் வெளிச்சம் அடுத்த விமானத்தை அழைத்தது. இங்கே அது தற்செயல் அல்ல. அடித்த இடத்தை, மீட்பவர்கள் வந்து சேரும் நேரம் விட்டு மறுபடி அடிக்கிறார்கள். 2024 ஏப்ரல் 4 பின்னிரவில் ட்ரோன் தாக்கிய அடுக்குமாடிக்குப் போனவர்கள்மேல் இரண்டாவது தாக்குதல் வந்து மூன்று மீட்பு வீரர்கள் இறந்தார்கள். குண்டு துளைக்காத கவசத்தைத் தீயணைப்புக் கோட்டின்மேல் மாட்டிக்கொண்டு வேலை செய்கிறார்கள். மறு தாக்குதல் எச்சரிக்கை வந்தால் பாதி அணைத்த தீயை விட்டு ஒதுங்கச் சொல்லி உத்தரவு. ஒதுங்குவதா, இடிபாட்டுக்குள் குரல் கேட்கும்போது எப்படி ஒதுங்குவது என்பதை அந்த இடத்தில் நிற்பவர் முடிவு செய்யவேண்டியிருக்கிறது. 2022இலிருந்து உக்ரைனில் இப்படி 100க்கும் மேற்பட்ட மீட்பு வீரர்கள் உயிரிழந்திருக்கிறார்கள்.

வண்டிகளும் அடிபட்டு அழிகின்றன. பிரிட்டனின் தீயணைப்புப் படைகள் ஓய்வு கொடுத்த தங்கள் வண்டிகளையும், ஹோஸ், உடை, ஏணிகளையும் சேர்த்துப் போர் தொடங்கிய 2022இலிருந்தே வரிசை வரிசையாகத் தரைவழியில் உக்ரைனுக்கு அனுப்பிவருகின்றன. ஓட்டிக்கொண்டு போகிறவர்கள் பெரும்பாலும் விடுமுறை போட்டு வந்த அல்லது ஓய்வுபெற்ற பிரிட்டிஷ் வீரர்கள். போலந்து எல்லையில் சாவியைக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறார்கள். ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்கும் அந்த வண்டிகளை, ஆயுள் முழுக்க இடப்பக்கம் உட்கார்ந்து ஓட்டியவர்கள் இருட்டடித்த தெருக்களில் ஓட்டிப் பழகிக்கொண்டிருக்கிறார்கள்.